தண்ணீர் ஊற்றாத பாலாறு

1

எங்கள் மகளை ஓர் ஆற்றைக் காட்டிக் கட்டிக்கொடுத்தோம். அந்த ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். அதனால் எழுதுகிறேன்.

ரங்கூனில் மழைக்காலம் பிடித்துக்கொண்டுவிட்டது. சுவரெல்லாம் ஈரம். பெட்டியில் வைத்த துணிகூட நமுத்துப்போகிறது. போன வாரம் இப்படி ஒரு மழைநாளில் இஸ்மாயில் தம்பி வந்தான். இங்கே தோல் மண்டியில் வேலை பார்க்கிறவன். தங்கையின் நிக்காவுக்காக ஆம்பூர் போய்விட்டு அன்றுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தான். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தான்.

"உங்க பொண்ணு வூட்ல குடுத்தாங்கக்கா. நனையக் கூடாதுன்னு நெஞ்சோட வச்சிக் கொண்டாந்தேன்."

"ரோசியப் பாத்தியாப்பா? எப்படி இருக்கா?"

"நான் போனப்ப அவங்க வூட்ல இல்லக்கா. மாப்பிள்ளதான் குடுத்தாரு. சேதி ஒண்ணு சொல்லச் சொன்னாங்களாம். 'இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

எனக்குப் புரிந்தது. அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு புகைப்படம் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றுவது என்றால் என்ன என்று முதலில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது.

2

நான் புகைப்படங்களுக்கு வர்ணம் பூசுகிறவள். மொகல் தெருவில் மாடியில் படக்கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு ஆம்பூர்தான் சொந்த ஊர். கறுப்பும் வெள்ளையுமாகப் படத்தைப் போட்டு அவர் அனுப்புவார். படத்தை லேசாக ஈரப்படுத்தி, குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, வர்ணத்தைத் தொட்டுத் தொட்டு நான் பூசுவேன். கன்னத்துக்கு ரோஜா நிறம், புடவைக்கரைக்குப் பொன் நிறம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தபோது கற்றுக்கொண்ட சித்திரம் இந்த ஊரில் வந்து உதவியது. என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் எடை பார்க்கிறவர். அவர் வேலைக்குப் போன பிறகு சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் நாலைந்து படம் முடிந்துவிடும்.

ஊரிலிருந்து எனக்குப் படம் அனுப்பியது என் அண்ணன் சாமுவேல். ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டுக்கு ஆவாரம்பட்டை வாங்கித் தருவது அவர் வேலை. பட்டை இல்லாமல் தோல் பதம் ஆகாது அல்லவா? அதற்காகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், மலையடிவாரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதலாளியின் மகன் சலித்துப்போய்த் தூக்கிப் போட்ட ஒரு பெட்டிக் கேமரா அவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து போகிற வழியெல்லாம் படம் எடுத்தார். மலை, மணல், வண்டித்தடம், கரையில் காயப்போட்ட தோல். ஆள் முகம் மட்டும் அவருக்குச் சரியாக வராது. கிட்டப் போய் எடுத்தால் தலையை விட்டுவிடுவார்.

ஞாயிறு மாலை நம் பக்கத்து ஆட்கள் காதர் பாய் கடையில் கூடுவார்கள். மாதனூர், மேல்பட்டி, வாணியம்பாடி என்று ஊர்ப்பேர் சொல்லி உறவு கொண்டாடுவார்கள். யாருக்கு ஊரிலிருந்து படம் வந்தாலும் கோரைப்பாயில் பரப்பி எல்லோரும் பார்க்கவேண்டும். அது அங்கே பழக்கம். என் அண்ணன் படம் வந்த வாரம் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும்.

எங்கள் ஊர்த்துறையில் பாலாற்றை எடுத்த படம் ஒன்று வந்தது. கரைக்குக் கரை மணல். நடுவில் ஒரு மாட்டுவண்டி. அதற்கு அப்பால் சில பெண்கள் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கோவிந்தசாமி அண்ணன்தான் முதலில் பேசினார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்.

"இன்னா பாய் இது, ஆறு இப்படிக் காஞ்சி கெடக்குது. பாக்கவே பேஜாரா இருக்குது. கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்."

காதர் பாய் சிரித்தார். "ஊத்திட்டாப் போச்சி. எவ்ளோ ஊத்தறது? முழங்கா அளவா, இடுப்பளவா?"

"ஊத்தறதுதான் ஊத்தறீங்க, கரையத் தொடட்டும். இன்னா உங்க அப்பன் வூட்டுத் தண்ணியா?"

"என் தங்கச்சி வூட்டுத் தண்ணி," என்று பாய் என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சிரித்தாலும் அவர்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை. இந்த ஊர் ஆறு எந்த மாதமும் கரை முட்ட ஓடும். "எங்க துறைமுகத்துல ஒரு பர்மாக்காரன் இருக்கான்க்கா," என்றார் கோவிந்தசாமி. "உங்க ஊர்ல ஆறு இருக்குதான்னு கேக்கறான். இந்தப் படத்தக் காட்டினா, இது ரோடுன்னு சொல்லுவான்."

வீட்டுக்கு எடுத்துவந்து மணல் மேல் நீலம் பூசினேன். கரையில் காய்ந்த தோல்களைப் பச்சைப் பயிராக்கினேன். வண்டி மட்டும் இடித்தது. தண்ணீர் நடுவில் மாட்டுவண்டி எப்படி நிற்கும்? காதர் பாய் மெல்லிய தூரிகையால் மாட்டை மறைத்து, சக்கரத்தை மறைத்து, வண்டியைப் படகாக்கிவிட்டார். பாலாற்றில் படகு பார்த்தவன் ஒருவனும் அந்தக் கடையில் இல்லை. ஆனாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊற்றெடுத்த பெண்களைத் தண்ணீர் கழுத்து வரை மூடியது. பார்க்கப் பயமாக இருந்தது. அவர்களைச் சாம்பல் நிறத்தில் பாறைகளாக்கினேன். நுரை தெரிய ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையும் வைத்தேன்.

அந்த வாரமே நிறையப் பேர் அதில் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். ஒரு பிரதி எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழேதான் ரோசி வளர்ந்தாள்.

3

ரோசி இங்கே பிறந்தவள். குழந்தையில் தூக்கத்தில் தாகமெடுத்தால் 'யே, யே' என்பாள். பர்மாக்காரர்கள் தண்ணீரை அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பர்மாப் பாட்டிமார் மடியில் வளர்ந்த பிள்ளை. "தண்ணின்னு சொல்லும்மா," என்று திருத்துவேன். காலையில் சரியாகச் சொல்வாள். தூக்கத்தில் மறுபடியும் 'யே'தான்.

வளர வளரத் தமிழ் வீட்டோடும் வேதக்கோயிலோடும் நின்றுபோனது. பர்மாப் பெண்கள் மாதிரி லுங்கி கட்டிக்கொண்டு, தலையில் பூச்செருகி, தோழிகளோடு கடைத்தெருவில் நின்றால் யார் பிள்ளை என்று தெரியாது. அவள் கையைவிட்டுப் போகிறாள் என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. ஒரே ஒரு ஆறுதல், அந்தப் படம்.

அவளுக்கு அந்தப் படத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. "அம்மா, இந்தப் படகுல நீ போயிருக்கியா? இந்தப் பாறைமேல உக்காந்து துணி துவைப்பீங்களா?" என்று கேட்பாள். நான் "ம்" என்பேன். வேலை மும்முரத்தில் சொன்ன 'ம்' அது. ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். ஊரை விரும்புகிற பிள்ளையின் மனதை ஏன் கெடுக்கவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது இரண்டு இடம் அமைந்தது. ஒன்று இங்கே அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் பையன், இங்கேயே பிறந்தவன். இன்னொன்று என் அண்ணன் மகன் பாக்கியம். ஆம்பூர் ஷெட்டில் அப்பா கொண்டுவரும் பட்டையை எடை போட்டு இறக்குகிறவன். முறைமாப்பிள்ளை. இருந்தாலும் என் வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தவில்லை.

"நல்லா யோசிச்சிக்கோம்மா. அங்க கரண்டு வெளக்கு கெடையாது, டிராம் வண்டி கெடையாது," என்றார்.

"ஆறு இருக்குதே அப்பா," என்றாள் ரோசி. "தினம் ஆத்துல குளிப்பேன்."

"எல்லா நாளும் அப்படி இருக்காது," என்றேன் நான். இதுதான் நான் சொன்னது முழுக்க. அவள் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "மழை இல்லாதப்ப கொஞ்சம் கம்மியா ஓடும், அவ்ளோதானே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். மகள் நம் மண்ணுக்குப் போகிறாள் என்ற சந்தோஷத்தில் மீதியைச் சொல்லாமல் விட்டேன்.

4

கப்பல் ஏறுவதற்கு முன் துறைமுகத்தில் அம்மை குத்திய தழும்பு பார்த்தார்கள். பிறகு ஒரு குமாஸ்தா வரிசையாகப் பெயர் எழுதினார். ரோசியிடம் இந்துஸ்தானியில் சொந்த ஊர் எது என்று கேட்டார். இந்தப் பிள்ளை "பாலாறு" என்று சொல்லிவிட்டது. அவரும் எழுதிவிட்டார். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "அது ஆறு சார், ஊர் இல்லை," என்றார். எழுதினதை அடிக்கமுடியாது, மாற்றவேண்டுமானால் மறுபடி வரிசையில் கடைசியில் போய் நில்லுங்கள் என்றார் குமாஸ்தா. வரிசை தெரு முனை வரை நின்றது. சென்னையில் இறங்கியதும் அங்கிருந்த அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாலாறு எந்த ஜில்லாம்மா?" என்று கேட்டார். வட ஆற்காடு என்று சொல்லி வெளியே வந்தோம். ரோசிக்கு ஒரே சிரிப்பு.

ரயிலில் காட்பாடி தாண்டியதும் சன்னலை விட்டு அவள் நகரவில்லை. மடியில் டிரங்குப்பெட்டி. பெட்டிக்குள் அந்தப் படம். எங்கள் ஊர்த் துறைக்கு வந்து பார்த்து, படத்தையும் ஆற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

ஸ்டேஷனுக்கு அண்ணன் வண்டி அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் முனிசாமி எங்கள் தெருவுக்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். வண்டி சரிவில் இறங்கியது. சக்கரம் மணலில் புதைந்து மாடுகள் மூச்சுவாங்கின. வெயிலில் கண் கூசியது. ரோசி படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஆறு எப்ப வரும்?"

முனிசாமி திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா கேக்குது பொண்ணு?"

"ஆறு எங்கன்னு கேக்கறேன் தாத்தா."

"வண்டியே ஆத்துலதான்மா போவுது. பாதி ஆறு தாண்டிட்டோம்."

ரோசி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மணல் சுட்டது, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். படத்தை உயர்த்திப் பிடித்து மலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். மலை சரியாக இருந்தது. மலையில் மட்டும் நான் ஒன்றும் பூசவில்லை.

முனிசாமி எட்டிப் பார்த்தார். "நல்லாருக்குதே. இது எந்த ஊரு?"

கொஞ்ச தூரத்தில் பெண்கள் ஊற்றுக்குழியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கையை நெற்றிக்கு வைத்து எங்களைப் பார்த்தாள். ரோசி அவர்களை ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தில் அதே இடத்தில் இருந்த பாறைகளை விரலால் தடவினாள்.

"அம்மா, இது பாறை இல்லையா?"

"இல்லம்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். கரை ஏறியதும் தோல் ஷெட்டின் வாடை முகத்தில் அடித்தது. நான் எத்தனையோ வருஷமாக நினைத்து ஏங்கிய வாடை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

5

கல்யாணத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று என் வீட்டுக்காரர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "கல்யாணம் வேணாம்" என்று அவள் சொல்லட்டும், அண்ணன் காலில் விழுந்தாவது கூட்டிப்போய்விடலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்:

"மாமா படத்துல பொய் இல்ல அப்பா. மாமா சரியாத்தான் எடுத்திருக்காரு. பாக்கியமும் ஒண்ணும் ஏமாத்தல. அவங்கள எப்படி நான் வேணாம்னு சொல்றது?"

யாரைக் குற்றம் சொல்லலாம் என்று அவள் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அன்று மாலை அண்ணி அவளை ஊற்றுக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன். மணலைக் கையால் தோண்டி, கொட்டாங்கச்சியால் முதல் தண்ணீரை வாரிக் கொட்டவேண்டும். பிறகு கலங்கல் தெளியும்வரை காத்திருக்கவேண்டும். தெளிந்ததை மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். ரோசிக்குக் குந்த வரவில்லை. ரங்கூனில் குழாயடியில் இடுப்பை வளைத்துக் குனிந்தே பழகியவள். குழிக்குமேல் அப்படியே வளைந்து நின்றாள். பின்னல் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"இன்னாடி இது, கொக்கு மாதிரி நிக்கற? குந்துடி!" என்றாள் அண்ணி.

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். "கொக்கு வேற தேசத்துலர்ந்து வந்துதுக்கா. மீனுக்கு நிக்குது," என்றாள் ஒருத்தி.

"மீன் இருந்தாத்தான் புடிச்சிருப்பனே," என்றாள் ரோசி. அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நான் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றியது. படத்தில் நான் பாறையாக்கியவர்கள் இவர்களாகக்கூட இருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

பாக்கியம் நல்ல பிள்ளை. அந்தப் படத்தை ரோசி காட்டியபோது முதலில், "அய்ய, இதுல படகு வேறயா!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திவிட்டான். "அத்தை கைவேலையா? நல்லாத்தான் இருக்குது," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்யாணம் முடிந்து நாங்கள் புறப்பட்ட அன்று ரோசி ஆறு வரை வந்தாள். வெறுங்காலோடு மணலில் நின்றாள். "அடுத்த தடவ வெள்ளம் வந்தா மாமாவ படம் எடுக்கச் சொல்றேன்மா," என்றாள். வண்டி அக்கரை ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கேயே நின்றாள்.

6

ரங்கூன் திரும்பியபோது வீட்டுச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அந்த இடத்தில் வேறு எதையும் மாட்டவில்லை. ஆற்றுப் படங்களுக்கு நீலம் பூசுவதையும் அதோடு விட்டுவிட்டேன். கேட்கிறவர்களிடம் வர்ணம் தீர்ந்துவிட்டது என்பேன். காதர் பாய்க்குக் காரணம் தெரியும், வற்புறுத்துவதில்லை.

போன ஞாயிறு, இஸ்மாயில் கொண்டுவந்த படத்தைக் கடைக்கு எடுத்துப் போனேன். கரைக்குக் கரை மணல். அதே மலை. வெள்ளம் இல்லை. நடுவில் ஊற்றைச் சுற்றி மூன்று பெண்கள், முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிறார்கள். அண்ணன் எடுத்ததுதான், வழக்கம்போலத் தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார்.

கோவிந்தசாமி அண்ணன் குனிந்து பார்த்தார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. "நம்ம ஆறு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சூண்டு தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"ஊத்த வேணாம்னு பொண்ணு சொல்லி அனுப்பிச்சிருக்குது," என்றார் காதர் பாய்.

கோவிந்தசாமி படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, ஊத்தல. இதுல நம்ம ரோசி யாருக்கா?" என்று கேட்டார் கோவிந்தசாமி.

இஸ்மாயிலைப் பிறகு பார்த்தபோது நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். "மூணு பேர்ல ஒருத்தின்னு மாப்பிள்ள சொன்னாருக்கா. யாருன்னு நான் கேக்கல," என்றான். காதர் பாய் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, மறுநாளே அந்தப் படத்தை வைத்துப் பெரிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். பெரிதாக்கினால் முகம் கிடைக்கும் என்று நினைத்தோம். மணல்தான் பெரிதானது. மூன்று முதுகும் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோயின.

அதை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்ற அல்ல. ஒரு புடவைக்கு மட்டும் லேசாக வர்ணம் வைத்தால் போதும், என் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பிடித்த ஊதா நிறத்தைக் குழைத்தேன். பஞ்சில் தொட்டேன்.

கொக்கு மாதிரி வளைந்து நிற்கிறவளைத் தேடினேன். பின்னல் சரிந்து விழுகிறவளைத் தேடினேன். ஒருத்தியும் அப்படி இல்லை. மூன்று பேரும் பிறந்ததிலிருந்து அந்த மணலிலேயே இருந்தவர்கள்போல ஒரே மாதிரி குந்தியிருக்கிறார்கள்.

பஞ்சு காய்ந்துவிட்டது. மறுபடி நனைக்கவில்லை. சுவரில் வெளுத்திருந்த இடத்தில் படத்தை அப்படியே மாட்டினேன். ஒவ்வொரு நாளும் வேலைக்கு உட்காருமுன் மூன்று முதுகையும் ஒரு தடவை பார்க்கிறேன். ஒவ்வொருத்தியையும் பார்த்து, நீதானா அம்மா என்று கேட்கிறேன்.